கிறீன்ஃபோர்ட்டின் ஓடையும் மானிப்பாயின் வெள்ளவாய்க்காலும்

மேற்கு லண்டனின் ஈலிங் பகுதி யாழ்ப்பாணத்தவருக்குப் புதிதல்ல. கனகதுர்க்கை அம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. வலிகாமத்துக் குடும்பங்கள் பல அந்தச் சுற்றுவட்டாரத்தில் வீடு வாங்கிப் பிள்ளைகளை வளர்த்துவிட்டன. அந்த ஈலிங்கின் ஓர் ஓரத்தில், கிறீன்ஃபோர்ட்டில், கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் பரடைஸ் ஃபீல்ட்ஸ் என்று ஏறத்தாழ 20 ஏக்கர் ஈரநிலம் கிடக்கிறது. ஒருகாலத்தில் அது கோல்ஃப் மைதானம். 2023 ஒக்ரோபர் 11ஆம் திகதி அங்கே ஐந்து பீவர்களைக் கொண்டுவந்து விட்டார்கள்: தாய், தகப்பன், மூன்று குட்டிகள். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த குடும்பம் அது. மேற்கு லண்டன் மண்ணில் பீவர் கால் வைத்து ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆகியிருந்தன. தோலுக்கும் இறைச்சிக்கும் வாசனைச் சுரப்புக்குமாக வேட்டையாடியே இங்கிலாந்து தன் பீவர்களைத் தீர்த்திருந்தது.

அந்த ஓடைக்கரையையும் யாழ்ப்பாணத்து எங்கள் மானிப்பாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். பீவரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரச் சொல்வதற்காக அல்ல. அந்த விபரீதத்தை ஒரு நாடு ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 1946இல் ஆர்ஜென்ரீன அரசு தோல் வியாபாரத்தை நம்பிக் கனடாவிலிருந்து இருபது பீவர்களை எடுத்துப்போய்த் தென்கோடியான தியெரா தெல் ஃபுவேகோவில் விட்டது. அவற்றை அடக்க அங்கே விலங்கு இல்லை. கடித்தாலும் வெட்டினாலும் மறுபடி துளிர்க்கிற மரமும் அரிது. காடு காடாக அழிந்தது. இன்றும் அந்த நாடு அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் உயிர் அதன் சொந்த மண்ணில் செய்யும் நன்மையை வேறு மண்ணில் எதிர்பார்க்க முடியாது. நான் கேட்பது வேறு. பீவர் கிறீன்ஃபோர்ட்டில் செய்யும் வேலையை இங்கே செய்துவந்தது எது, அதற்கு நாங்கள் என்ன செய்தோம்?

பீவரைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லவேண்டும். இருபது கிலோவுக்கு மேல் வளரும், எலிகளின் வரிசையைச் சேர்ந்த விலங்கு அது. முன்பற்களில் இரும்புச்சத்து கலந்திருப்பதால் அவை செம்மஞ்சள் நிறமாக இருக்கும். மீன் தின்பதில்லை, மரப்பட்டை, இலை, நீர்த்தாவரம் இவைதான் உணவு. அதன் வீட்டு வாசல் எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்கவேண்டும், அப்போதுதான் நரியும் ஓநாயும் உள்ளே நுழைய முடியாது. அதற்குத் தண்ணீர் ஆழமாக நிற்கவேண்டும். ஆகவே ஓடையில் குச்சியும் சேறும் கல்லும் சேர்த்து அணை கட்டுகிறது. தண்ணீர் ஓடும் சத்தம் அதற்குப் பொறுக்காது. சுவீடனில் லார்ஸ் வில்சன் என்ற ஆய்வாளர் நீரோடும் ஒலியை ஒலிபெருக்கியில் கேட்கவிட்டபோது, கசிவே இல்லாத இடத்திலும் பீவர்கள் குச்சியையும் சேற்றையும் கொண்டுவந்து அடைத்தன. ஓர் இரவில் அணை உடைந்தால் அடுத்த இரவில் திருத்தப்பட்டுவிடும். சம்பளம் இல்லை, ஒப்பந்தக்காரர் இல்லை, மதிப்பீடு இல்லை.

கிறீன்ஃபோர்ட்டில் அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட வேலையும் அதுவே. கடும் மழை பெய்தால் கீழ்ப்புறத்துத் தெருக்களிலும் ரயில் நிலையத்தருகிலும் வெள்ளம் நிற்பது அந்த ஊரின் பழைய தொல்லை. இயந்திரம் வைத்துத் தோண்டி நீர்த்தேக்கம் கட்டுவதா என்ற யோசனை இருந்த இடத்தில் பீவர்கள் வந்தன. அணைகள் எழும்பின, குட்டைகள் பெருகின, மழைநீர் ஒரே பாய்ச்சலாக ஓடாமல் தங்கித் தங்கி இறங்கத் தொடங்கியது. 2024இல் அங்கே குட்டிகளும் பிறந்தன. ஈலிங் வனவிலங்குக் குழுவும், சிற்றிசன் ஸூ என்ற அமைப்பும், ஹோர்சென்டன் குன்றின் நண்பர்களும், நகரசபையும் சேர்ந்து இதை நடத்துகிறார்கள். நான் மிகவும் மதிப்பது ஒன்றைத்தான்: அந்த இடத்தைப் பூட்டி வைக்கவில்லை. பொதுமக்கள் நடந்துபோகும் பாதை பீவரின் குட்டையோரமாகவே போகிறது.

இனி இங்கே வருவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. பருவகாலத்தில் ஓடுவது வழுக்கையாறு. அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பக்கங்களின் மாரி வெள்ளத்தை வாங்கிக்கொண்டு, மானிப்பாய்க்கு அயலாலே நவாலி வழியாகப் போய் அராலியில் கடனீரேரியோடு சேருகிறது. வழியில் குளம், வயல், தரவை, மறுபடி குளம். ஒரு குளம் நிரம்பி வழிந்தால் அடுத்ததற்குப் போகும்படி வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருந்தன. குடாநாடு முழுவதிலும் சிறிதும் பெரிதுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருப்பதாகக் கணக்கு. ஓட்டத்தை மெதுவாக்குவது, பரப்புவது, நிலத்துக்குள் இறக்குவது ஆகிய மூன்றையும்தான் பீவரின் அணையும் செய்கிறது, எங்கள் குளத்துக் கட்டும் செய்தது. வித்தியாசம், அங்கே விலங்கின் இயல்பு. இங்கே மனிதரின் உழைப்பு. பீவர் தன் அணையை மறப்பதில்லை. மனிதராகிய நாங்கள் மறந்துவிட்டோம்.

அந்த மறதியின் விலை இரண்டு ஊர்களுக்கும் ஒன்றல்ல. கிறீன்ஃபோர்ட்டில் வெள்ளம் ஒரு தொல்லை மட்டுமே. குழாயைத் திறந்தால் தேம்ஸ் நதியின் நீர் வரும். எங்களுக்கு மழைதான் குடிதண்ணீர். ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்வதைச் சுண்ணாம்புக்கல் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நன்னீர் கல்லின் துளைகளுக்குள், கீழே ஊறியிருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொது விதி. திருப்பிச் சொன்னால், மேலே ஓர் அடி குறைந்தால் உப்பு கீழிருந்து நாற்பது அடி ஏறிவரும். வளவுக் கிணற்றில் தண்ணீர் சவரடிக்கத் தொடங்கும்போது வீட்டுக்காரர் மின்பம்பியைக் குறைசொல்வார், அயலவரின் குழாய்க்கிணற்றைக் குறைசொல்வார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த வருடத்து மாரியில் தெருவோர வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் கடலுக்குப் போனதென்று யாரும் கேட்பதில்லை.

வாய்க்காலைச் சற்று நின்று பாருங்கள். பழைய வெள்ளவாய்க்கால் மண்ணால் ஆனது. அடியில் புல், ஓரத்தில் தாழையோ நாணலோ, இடையிடையே கற்கள். தண்ணீர் முட்டி மோதித்தான் போகும். போகும் வழியிலேயே பாதியை நிலம் குடித்துவிடும். இப்போது கட்டுவது அடியும் பக்கமும் கொங்கிறீட் பூசிய பெட்டி. ஒரு துளியும் கீழே இறங்காது. சரிவாகவும் நேராகவும் இருப்பதால் ஒழுங்கையில் பெய்த மழை, வளவிலிருந்து வழிந்த மழை எல்லாம் ஓட்டமாக ஓடுகின்றன. மேட்டுப் பக்கத்தில் இருப்பவர்கள் “தண்ணீர் வடிந்துவிட்டது, நல்ல வேலை” என்று பாராட்டுவார்கள். அந்தத் தண்ணீர் பள்ளத்தில் இருப்பவர்களின் வீட்டு வாசலுக்குத்தான் போகிறது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழை கொட்டியபோது குடாநாட்டின் தாழ்ந்த இடங்கள் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. தண்ணீர் தேவையான மக்களுக்கு அது வேண்டியதுதான். நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் மாரியில் வந்த நன்னீரைக் காசு கொடுத்துக் கட்டிய வாய்க்காலால் கடலுக்கு அனுப்பிவிட்டு, அதே கடலிலிருந்து மின்சாரத்தையும் கோடிக்கணக்கான பணத்தையும் கொட்டி உப்பைப் பிரித்து மீண்டும் எடுக்கிறோம். ஒரு குளத்தைத் தூர்வாருவதற்கு இதில் எத்தனை பங்கு செலவாகும் என்பதை எந்தக் கமக்காரரும் சொல்லுவார்.

தண்ணீருக்கு இடம் விட்டால் தண்ணீரோடு வருகிறவற்றுக்கும் இடம் விடவேண்டும். ஒப்பீட்டின் சிக்கலான பகுதி இதுதான். பீவரோடு வாழ்வது இனிமையான காரியம் மட்டுமல்ல. அது மதகை அடைத்துவிடும், வீதி மூழ்கும், ஆசையாக வளர்த்த மரத்தை ஓரிரவில் சாய்த்துவிடும். இதற்கு மேற்குலகம் நெடுங்காலம் கண்ட ஒரே தீர்வு பொறியும் துவக்கும்தான். அந்தப் பழக்கத்தை மாற்றியதில் கலிஃபோர்னியாவின் மார்ட்டினஸ் என்ற சிறு நகரத்துக்குப் பங்கு உண்டு. அதன் மையத்தில் ஓடும் அல்ஹம்ப்ரா ஓடையில் 2000களின் நடுவில் பீவர்கள் வந்து அணை கட்டின. வெள்ளம் வந்துவிடும் என்று பயந்த நகரசபை அவற்றைக் கொல்லத் தீர்மானித்தது. ஊர்ச்சனம் திரண்டு எதிர்த்தது. கடைசியில் ஸ்கிப் லைல் என்பவரை வரவழைத்து 2008இல் அணைக்குள் ஒரு குழாய் பொருத்தினார்கள்.

அந்தக் குழாயைக் கொஞ்சம் விவரிக்கிறேன், ஏனென்றால் முழு விஷயமும் அதற்குள் இருக்கிறது. அணையின் உச்சியில் ஒரு பள்ளம் விட்டு அகலமான பிளாஸ்ரிக் குழாயை ஊடாகக் கிடத்துவார்கள். அதன் மேல்நீர்ப் பக்கத்து வாய் அணையிலிருந்து நன்றாகத் தள்ளி, குட்டையின் ஆழத்தில், கம்பிக்கூட்டுக்குள் இருக்கும். தண்ணீர் அங்கே சத்தமில்லாமல் உள்ளே போகும். பீவர் கசிவைத் தேடுவது அணையருகில். குழாயின் வாய் இருப்பதோ வேறெங்கோ. ஆகவே அது அடைப்பதில்லை. குழாயை எந்த உயரத்தில் வைக்கிறோமோ அந்த உயரத்துக்கு மேல் நீர் ஏறாது. விலங்குக்கு வீடு மிஞ்சும், ஊருக்கு வீதி மிஞ்சும். மரங்களுக்குத் தண்டைச் சுற்றிக் கம்பிவலை போதும். எங்கள் உறவுகள் ஆயிரக்கணக்கில் வாழும் ரொறன்ரோவின் பூங்காக்களில் அப்படிக் கட்டிய மரங்களைக் காணலாம்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. அது மானிப்பாயோடு தொடர்புள்ள ஊர். 1847இல் இங்கே வந்து, தமிழில் மேல்நாட்டு மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் பிறந்தது மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில். அவர் பிறந்த 1822இல் அந்த மாநிலத்தில் பீவரே இல்லை. தொப்பிக்காகத் தோல் உரித்து உரித்து அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே தீர்த்துவிட்டிருந்தார்கள். 1928இல்தான் மறுபடி தலைகாட்டியது. 1996இல் மக்கள் வாக்களித்துக் கொடிய பொறிகளைத் தடைசெய்தார்கள். நல்ல மனசோடு எடுத்த முடிவு. ஆனால் வீதியும் கிணறும் மூழ்கும் வீட்டுக்காரர் யாரிடம் போவது, குழாய் யார் பொருத்துவது என்ற ஏற்பாடு கூடவே வளரவில்லை. பீவர் சில ஆண்டுகளுக்குள் பன்மடங்காகப் பெருகியது, முறைப்பாடு குவிந்தது. 2000இல் சட்டத்தைத் திருத்தி, அவசர நிலையில் உள்ளூர்ச் சுகாதாரச் சபையே அனுமதி வழங்க வழி செய்தார்கள். உயிர்களோடு சேர்ந்து வாழச் சொல்கிறவர்கள், அதனால் இடைஞ்சல்படுகிற அயலவருக்குப் பதில் சொல்லும் ஆளையும் சேர்த்தே நியமிக்கவேண்டும். இல்லாவிட்டால் விலங்கின் மேல் அன்பு வைத்தவர்களே அதன் மேல் வெறுப்பையும் விதைத்தவர்களாவார்கள்.

மானிப்பாயில் இந்த அயலவரின் முறைப்பாடு மூன்று. நுளம்பு, பாம்பு, உடும்பு. குளத்தைத் தூர்வாரித் தண்ணீர் நிற்கவிடலாம் என்றதும் முதலில் எழும் குரல் டெங்கு என்பதுதான். டெங்கைப் பரப்பும் நுளம்பு தேங்காய்ச் சிரட்டையிலும், பழைய ரயரிலும், யோகட் கோப்பையிலும், பீலியில் தங்கிய மழைநீரிலும் முட்டையிடுகிறது. மீன் ஓடும் குளத்தில் அதன் குடம்பி பிழைப்பது அரிது. ஊரில் டெங்கைக் குறைக்க வேண்டுமானால் வளவைத்தான் துப்புரவாக்க வேண்டும். குப்பை கொட்டி, பாதி நிரவி, சாக்கடையை விட்டுக் கெடுத்த குளத்தில் வேறு நுளம்பு பெருகும்தான். அது குளத்தின் குற்றமாகாது.

பாம்பு விஷயத்தில் அப்படி ஒரே மூச்சில் பதில் சொல்ல மாட்டேன். முத்திரைப் புடையன் வயற்கரையில் உண்மையாகவே ஆளைக் கொல்லும். குளக்கரைப் பாதையில் புல்லைச் செருக்கி வைப்பது, விளக்குப் போடுவது, வயலுக்கு இறங்கும்போது சப்பாத்து அணிவது, ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து தயாராக இருப்பது, இவை எல்லாம் தேவை. குளத்துத் தண்ணீரில் நீந்தும் பாம்புகளில் மிகப் பெரும்பாலானவை விஷமற்றவை என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். எலியைச் சாரை தின்கிறது. சாரையை அடித்தால் எலி பெருகும். எலி பெருகிய வளவைத் தேடித்தான் புடையன் வரும்.

உடும்புக்காக நான் அதிகம் கவலைப்படுகிறேன். கோழிக்குஞ்சும் முட்டையும் போகிறதென்று தடியெடுப்பவர் உண்டு; இறைச்சிக்காகவே தேடுபவரும் உண்டு. இலங்கைச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. வளவுகளைச் சுற்றிக் கிடுகுவேலியும் உயிர்வேலியும் இருந்த காலத்தில் உடும்பும் கீரியும் ஆமையும் ஒரு வளவிலிருந்து மற்றதற்கு, அங்கிருந்து குளத்துக்கு என்று போய்வர வழியிருந்தது. மதில் எழும்பியதும் அவை வீதிக்கு வந்து வாகனத்தில் அடிபடுகின்றன. மதிலின் அடியில் ஒரு சாண் அகலத்தில் துவாரம் விட்டுக் கட்ட எந்த மேசனும் மேலதிகக் கூலி கேட்கப்போவதில்லை. கோழிக்கூட்டுக்கு நெருக்கமான கம்பிவலை அடித்தால் குஞ்சும் தப்பும். பீவரின் குழாயைப் போலவே இவையும் விலங்கைக் கொல்லாமல் தொல்லையைத் தீர்க்கும் வழிகள்.

இந்த இடத்தில் லண்டனைவிட நாங்கள் முன்னே நிற்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும். கிறீன்ஃபோர்ட்டின் பீவர்கள் வேலிக்குள் வாழ்கின்றன. உரிமப்பத்திரம், கண்காணிப்பு, தொண்டர்கள் என்று பலத்த ஏற்பாட்டின் நடுவேதான் அந்த உறவு நடக்கிறது. இங்கிலாந்தில் திறந்தவெளியில் பீவரை விட அரசு வழிவிட்டதே 2025இல்தான். எங்களுடைய குளத்தில் வக்காவும் நீர்க்காகமும் ஆமையும் விராலும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. மாடு இறங்கிக் குளிக்கும், பக்கத்திலேயே கொக்கு நிற்கும். அவர்கள் 400 ஆண்டுகளுக்குப் பிறகு பணம் செலவழித்துத் திரும்பக் கொண்டுவந்ததை, நாங்கள் இன்னும் இழந்து முடிக்கவில்லை. பிறகு மீட்கும் செலவு எவ்வளவென்று அவர்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இலங்கையிலேயே உதாரணம் வேண்டுமானால் கொழும்பைப் பார்க்கலாம். 2010 வெள்ளத்தில் பாராளுமன்றத்தைச் சுற்றியும் தண்ணீர் ஏறியபின், சதுப்புநிலங்களை நிரப்புவது தலைநகரையே மூழ்கடிக்கும் என்பதை அதிகாரிகள் கணக்குப்போட்டுக் கண்டார்கள். பெத்தகானவிலும் தியசருவிலும் ஈரநிலப் பூங்காக்கள் வந்தன. 2018இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது: உலகளவில் அருகிவரும் விலங்கு, கால்விரல்களுக்கிடையே சவ்வு உள்ள, தண்ணீருக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும் பூனை. அடுக்குமாடிகளுக்கு நடுவே, இரவில் மதிலேறி, வீட்டுத் தோட்டத்துத் தொட்டியில் வளர்ப்பு மீனைப் பிடித்துத் தின்றுவிட்டுப் போகிறது. மீனை இழந்தவர் கோபப்படுகிறார். ஆய்வாளர்கள் அவரோடு உட்கார்ந்து பேசித் தொட்டிக்கு வலை போடச் சொல்கிறார்கள். கொழும்பில் முடிகிற காரியம் வலிகாமத்தில் முடியாதென்று நான் நம்பவில்லை. யாழ்ப்பாண நகரின் ஆரியகுளமும் 2021இல் புதுப்பிக்கப்பட்டதே. ஆனால் அங்கே நடந்தது பெரிதும் கரையை அழகாக்கும் வேலை. நடைபாதையும் விளக்கும் நல்லவைதான். நான் குளத்தை மதிப்பிடுவது வரத்து வாய்க்காலைப் பார்த்து, கரையில் எத்தனை பங்கு மண்ணாக விடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து. சுற்றிவரச் செங்குத்தாகக் கல் கட்டிய குளத்தில் ஆமை ஏறிக் கரைசேர முடியாது, கொக்கு இறங்கி நிற்க முடியாது.

சட்டமும் ஆயுதமாக இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி வயலை நிரவுவது குற்றம்; சிறு குளங்களின் பொறுப்பும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகிறது. வீதியும் வாய்க்காலும் பெரும்பாலும் பிரதேச சபையின் கை. ஒருவர் குளத்தைப் பார்க்க, இன்னொருவர் வாய்க்காலைப் பார்க்க, இரண்டையும் இணைக்கும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. பீவருக்கு அந்தப் பிரிவினை இல்லை.

ஆகவே வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபைக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் என் வேண்டுகோள் இது: அடுத்த வெள்ளவாய்க்காலுக்கு மதிப்பீடு போடும் முன் இரண்டு தரப்பும் ஒருமுறை சேர்ந்து அந்த வழியை நடந்து பாருங்கள். தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகவேண்டும் என்று முதலில் எழுதுங்கள். அடிக்குக் கொங்கிறீட் போடாதீர்கள். கிறீன்ஃபோர்ட்டிலும் ரொறன்ரோவின் ஸ்கார்பரோவிலும் இருந்து கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் மனமுவந்து அனுப்பும் எங்கள் உறவுகளே, இந்த வருடம் உங்கள் ஊர்க் குளம் ஒன்றின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தூர்வாருவதற்கு உகந்த காலம் ஆடி, ஆவணி. புரட்டாதி முடிந்தால் மாரி பிடித்துவிடும்.